அசையாதீங்க

இதய ஆபரேஷன் முடிந்து கணவர் வீடு திரும்பி இருபது நாள். "என்னை ஒரு படம் எடேன், ஸ்டூடியோக்காரம்மா" என்று தினமும் கேட்கிறார். அவளும் தினமும் ஒரு சாக்கு சொல்கிறாள். பதினெட்டு வருடமாக ஊரார் முகங்களை எல்லாம் எடுத்தவள்தான். அவருக்கு நேரே கேமராவைத் தூக்கினால் மட்டும் கை வெடவெடக்கிறது. எடுத்தால் அதுவே கடைசிப் படமாகிவிடும் என்று உள்ளே ஏதோ ஒன்று அடம்பிடிக்கிறது.

கை தேறுமா பார்க்கலாம் என்று ஒரு காலை கேமராவோடு கடற்கரைக்குப் போனாள். குளிருக்குப் பயந்து ஈ காக்கை இல்லை. புயல் ஒதுக்கிய பாசிக்கு நடுவே ஒரு வெள்ளைக் கடற்பறவை செத்துக் கிடந்தது.

மண்டியிட்டாள். அலகுக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கலைந்த இறகை நீவிவிட்டாள். "அசையாதீங்க" என்றாள், பழக்க தோஷத்தில். பறவை சொன்ன பேச்சைக் கேட்டது. கை நடுங்கவே இல்லை.

மறுநாள் மூன்று கிடந்தன. அதற்கு அடுத்த நாள் எட்டு. எல்லாமே வெளிச்சத்தின் பக்கம் முகம் திருப்பி, தங்கள் முறைக்குக் காத்திருப்பதுபோல் கிடந்தன. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் பயமாகவும் இருந்தது.

அன்று மாலை கணவர் கம்ப்யூட்டரில் படங்களைப் பார்த்தார்.

"ஒருத்தரும் கண்ணைச் சிமிட்டலையே! உனக்கு இந்த மாதிரி ஆளுங்கதான் லாயக்கு."

"சும்மா இருங்க."

"சரி, அடுத்து நான்."

கேமராவை எடுத்துவந்தாள். ஜன்னலோரம் உட்காரவைத்தாள். தாடைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்து முகத்தைத் திருப்பினாள். தாடை குளிர்ந்திருந்தது. கலைந்த முடியை நீவிவிட்டாள்.

"அசையாதீங்க."

அவர் அசையவில்லை. கேமரா வழியே பார்த்தாள். சாய்ந்த கழுத்து, பாதி மூடிய கண், மார்பில் மடங்கிய கை. தாடையில், அவள் விரல் பட்ட இடத்தில், நாலைந்து மணல் துகள்கள். கையைத் தேய்த்துக் கழுவியிருந்தாளே.

அவள் கை கல்லாக நின்றது. துளி நடுக்கம் இல்லை.

"அசைங்க!" என்று கத்தினாள். "ஏதாவது பேசுங்க, எந்திரிங்க!"

"என்னடி இது, புதுசா..." என்று அவர் சிரித்துக்கொண்டே எழ, அவள் கை பழையபடி வெடவெடத்தது. அந்தக் கையாலேயே பட்டனை அழுத்தினாள்.

படத்தில் கண் எது, வாய் எது என்று தெரியவில்லை. அதைத்தான் கூடத்தில் மாட்டியிருக்கிறாள்.