அமுக்கி அளந்த மெத்தை

காரில் முதல் கீறலைப் போட்டது ஷெட்டின் சுவர் அல்ல. சுவர் கீறிவிடக் கூடாதே என்று அளவெடுக்கப் போன மனிதர்தான். காரை ஒட்டினாற்போல, ஷெட்டின் நீளத்துக்கு அளவு டேப்பை இழுத்துப் பிடித்திருந்தார். மூக்கு அரித்தது. ஒரே ஒரு விநாடி கட்டைவிரலை எடுத்தார். டேப் சாட்டையாகத் துள்ளிச் சுருண்டது. அதன் நுனியிலிருந்த இரும்புக் கொக்கி, போகிற போக்கில் பின்கதவில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு இழுத்துவிட்டு, பாலைக் கொட்டிய பிள்ளை போர்வைக்குள் புகுந்துகொள்கிற மாதிரி டப்பாவுக்குள் போய் ஒடுங்கிக்கொண்டது.

சத்தம் கேட்டு மனைவி வந்தாள்.

"என்னங்க அது?"

"ஒண்ணுமில்ல. டேப்பு."

அவள் குனிந்து பார்த்தாள். "நீங்க பென்சில்லகூட இவ்வளவு நேரா கோடு போட்டதில்லையே."

"பாலிஷ் போட்டா போயிடும்."

"போகலைன்னா? ஞாயித்துக்கிழமை அப்பா வர்றார்."

பதினெட்டு வருஷமாகச் சமையலறை அலமாரி செய்கிறவர் அவர். மனைவி வீட்டில் அவருக்கு 'மில்லிமீட்டர்' என்று பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக வாங்கி மாட்டிக்கொண்டார்.

கார் மாமனாருடையது. அல்லது மில்லிமீட்டருடையது. விவகாரமே அதுதான். இரண்டு மாதத்துக்கு முன்பு மாமனார் வந்து சாவியை மேஜைமேல் வைத்து, "உங்ககிட்ட இருக்கட்டும் மாப்பிள்ளை" என்றார். கொடுத்தாரா, பார்த்துக்கொள்ளச் சொன்னாரா? முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். ஓய்வுபெறும் நாளில் பஸ்ஸை ஒரு கீறல் இல்லாமல் திருப்பிக் கொடுத்ததாகப் பெருமை. அத்தனை வருஷமும், "பஸ்ஸை எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "எடுக்கும்போது எடுப்போம்" என்று சொல்லிச் சொல்லி, நேரான பதில் என்பதே அவர் வாய்க்கு மறந்துபோயிருந்தது.

பதில் தெரிந்தாக வேண்டும். ஊருக்கு வெளியே பன்னிரண்டு வீடுகள் கொண்ட புதுக் கட்டடம்; அத்தனை சமையலறைக்கும் அலமாரி செய்ய இவரைக் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். பலகைகளை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போக முடியாது. கார் சொந்தம் என்றால் கூரையில் கேரியர் மாட்டலாம். இரவல் என்றால் அதில் ஒரு ஸ்க்ரூ முடுக்கக்கூட உரிமையில்லை.

"நீயே உங்கப்பாகிட்ட கேளேன்" என்றார் மனைவியிடம்.

"போன வாரமே கேட்டேன். 'உங்க வீட்டுக்காரர் கேக்கச் சொன்னாரா?'ன்னார்."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னேன்."

மில்லிமீட்டர் கண்ணை மூடிக்கொண்டார். "அதுக்கு?"

"'சாப்பிட்டியா?'ன்னார்."

சரி, கீறலையாவது ஒரு வழி பண்ணுவோம் என்று பாலிஷ் வாங்கி வந்து தேய்த்தார். கீறல் போகவில்லை. சுற்றியிருந்த இடமெல்லாம் கண்ணாடியாகப் பளபளத்ததில், கீறல் கல்யாணத்துக்கு வந்தது போல எடுப்பாகத் தெரிந்தது.

ஆனால் மனம் தளர்கிற ஆள் அல்ல அவர். ஒரு கீறல் விழுந்தது விதி, இரண்டாவது விழுந்தால் அது தொழிலுக்கே அவமானம் என்று கிளம்பினார். ஷெட்டின் அகலம் 2,150 மில்லிமீட்டர். கார் 1,735. மிச்சம் 415. பரணிலிருந்த இரண்டு பழைய ஃபோம் மெத்தைகளை இறக்கி, பலகையை அளப்பது போலவே இரும்பு இடுக்கியில் கவ்வி, முழுப் பலத்தோடு முடுக்கி அளந்தார். முப்பது. இரண்டு சுவருக்கும் சேர்த்து அறுபது. அது போக 355. காரை ஒரு பக்கமாக ஒதுக்கி நிறுத்தினால், ஒல்லியான ஆளுக்கு அது ராஜபாட்டை.

சுவரில் ஒட்டும்போது மெத்தை கொஞ்சம் தடியாகத்தான் தெரிந்தது. பதினெட்டு வருஷ அனுபவத்தில் அவர் கண்ணைவிட அளவை நம்பிப் பழகியவர். கண் சொன்னதைத் தள்ளிவிட்டுப் பசையை இன்னும் இரண்டு கோட்டிங் தடவினார்.

ஞாயிறு காலை, மாமனார் வருவதற்குள் காரை உள்ளே விட்டுவிடலாம் என்று கிளப்பினார். கண்ணாடிகளை மடக்கி, நெஞ்சை நிமிர்த்தி, சீராக நுழைத்தார். கார் உறையில் போகும் தலையணை மாதிரி போயிற்று. ஒரு உரசல் இல்லை, ஒரு சத்தம் இல்லை. இஞ்சினை நிறுத்திவிட்டுத் தனக்குத் தானே தலையாட்டிக்கொண்டார்.

பிறகு கதவைத் திறந்தார். கதவு நாலு விரல் திறந்தது. மெத்தை அதை மரியாதையாகத் திரும்ப மூடியது.

மறுபடி தள்ளினார். மெத்தை மறுபடி மூடியது. இடுக்கியின் பிடியில் முப்பது மில்லிமீட்டராக ஒடுங்கிக் கிடந்த மெத்தை, பிடி விட்டதும் நூற்றைம்பதாக மூச்சு விட்டிருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"ஏய்" என்று மனைவியைக் கூப்பிட்டார். "டிக்கியைத் திற."

"எதுக்கு? என்ன வெச்சிருக்கீங்க?"

"என்னைத்தான்."

முன் சீட்டைத் தாண்டி, பின் சீட்டில் புரண்டு, தலைகுப்புற டிக்கிக்குள் விழுந்து கிடந்தார். மூடி மேலே போனது. வெளிச்சத்தோடு ஒரு கை நீண்டது. பிடித்துக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் அது மனைவியின் கை இல்லை என்று தெரிந்தது.

"இறங்கறவங்க முன்வழியாத்தானே இறங்கணும் மாப்பிள்ளை?" என்றார் மாமனார்.

மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். தோள் குலுங்கியது. "அப்பா, இவர் மெத்தையை அமுக்கி அளந்திருக்கார். பிளைவுட்னு நெனச்சு."

"அப்படியா?"

மில்லிமீட்டர் தலையிலிருந்த ஃபோம் துணுக்குகளைத் தட்டினார். இதற்கு மேல் போக மானம் எதுவும் பாக்கியில்லை என்றானபோது, அவருக்கு விநோதமான ஒரு தெம்பு வந்தது.

"மாமா, பின்கதவுல ஒரு கீறல் இருக்கு. ஒரு சாண். நான்தான் போட்டேன்."

"ம்."

"கோவம் வரலையா?"

"வந்தா, கீறல் போயிடுமா?"

"மாமா, ஒண்ணு கேக்கறேன். பதிலுக்கு நீங்க கேள்வி கேக்கக் கூடாது. இந்த வண்டி எனக்கா, இல்ல உங்க வண்டிக்கு நான் காவலா? நாளைக்கு ஒரு பெரிய வேலைக்கு வாக்கு குடுக்கணும். என்னுதுன்னா மேல கேரியர் மாட்டுவேன், பலகை ஏத்துவேன், இன்னும் நாலு கீறல் விழும். உங்களுதுன்னா, பூ மாதிரி துடைச்சு வெச்சிருப்பேன். எதுவா இருந்தாலும் எனக்கு வருத்தமில்ல. தெரியணும், அவ்வளவுதான்."

மாமனார் மகளைப் பார்த்தார். "நீங்கல்லாம் சாப்பிட்டா..."

"அப்பா" என்றாள் அவள். சிரிப்பு நின்றிருந்தது.

மாமனார் டிக்கியின் மூடியை இறக்கி மூடினார். உள்ளங்கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டார். முப்பத்தொரு வருஷம் ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை.

"வண்டி உங்களுது மாப்பிள்ளை. எனக்கு இடது கண்ணு பாதி மறைக்குது, நாலு மாசமாச்சு. இனிமே ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். வீட்ல யார்கிட்டயும் சொல்ல வாய் வரல. நீங்க கேரியரை மாட்டுங்க."