கொசுறு அப்பம்

மலாய் நாட்டுப் பிரிக்பீல்ட்ஸில் அப்பக்கடை வைத்திருந்த பவுனம்மாளின் கையில் யாரும் சும்மா கொடுத்த பொருள் நிற்காது. உள்ளங்கையில் வைத்த மறுகணம் அது கைக்குள் இறங்கி, புறங்கை வழியே வெளிவந்து, தரையில் விழும். விரலிடுக்கில் நழுவி விழுவதில்லை. புகைக்குள் கல்லைப் போட்டால் எப்படிப் போகுமோ அப்படி. வலி கிடையாது, காயம் கிடையாது. உழைத்துப் பெற்றதும் விலைக்கு வாங்கியதும் மட்டும் பிறர் கையில் நிற்பதைவிட உறுதியாகவே நிற்கும். இது முதலில் தெரியவந்தது 1911ஆம் ஆண்டுப் பொங்கலன்று. அப்போது அவளுக்குக் கடை இல்லை, செங்கல் சூளையில் மண் மிதித்துக்கொண்டிருந்தாள். ரயில்வே குமாஸ்தா தம்புவின் மனைவி மீனலோசனி, யாழ்ப்பாணத்துக்காரி, குவாட்டர்ஸ் பின்வாசலில் நின்று அந்த வழியாகப் போனவளைக் கூப்பிட்டு ஒரு வெண்கலக் கிண்ணம் நிறையப் பொங்கல் கொடுத்தாள். கிண்ணம் கையைக் கடந்து கல்லில் விழுந்து நெளிந்தது. இரண்டு பெண்களும் கிண்ணத்தைப் பார்த்தார்கள், பிறகு கையைப் பார்த்தார்கள். மீனலோசனி உள்ளே போய் இன்னொரு கிண்ணம் கொண்டுவந்தாள். அதுவும் நெளிந்தது.

அந்த வாரம் பிரிக்பீல்ட்ஸில் வேறு பேச்சே இல்லை. ரயில் பட்டறையிலிருந்து ஆட்கள் வேலை முடிந்த கையோடு ஓடிவந்தார்கள். தேங்காய் கொடுத்துப் பார்த்தார்கள், வாழைப்பழம் கொடுத்துப் பார்த்தார்கள், ஒரு பூனைக்குட்டியையும் கொடுத்துப் பார்த்தார்கள். குட்டி கையைத் தாண்டி விழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, அன்றுமுதல் மற்றப் பூனைகளோடு சேராமல் தனியாகத் திரிந்தது. ஆஸ்பத்திரி டிரெசர் வந்து நாடி பிடித்து, நாடி நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போனார். மழைத் தண்ணீரும் அவள் கையில் நிற்கவில்லை, மழை சும்மா வருவதுதானே. அவளே வாளி இறக்கி இறைத்த கிணற்றுத் தண்ணீர் நின்றது. வெயிலும் அப்படியே கையைக் கடந்து போவதால் அவள் கைக்கு நிழல் விழுவதில்லை என்பதைக் கண்டுபிடித்தவர் தம்பு. கணக்குப் பார்க்கிற மனிதர், அதனால் அவர் சொன்னதை எல்லாரும் நம்பினார்கள். அடுத்த மாதம் அரிசி விலை ஏறியது, பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

அவள் வளர்ந்த காப்பார்ப் பக்கத்துத் தோட்டத்தில் அவளைத் தெரிந்தவர்கள் யாரும் இதில் ஆச்சரியப்படவில்லை. அவளுடைய தாயும் தகப்பனும் கப்பலிலேயே காய்ச்சலில் போய்விட்டார்கள். கிள்ளான் துறையில் கூலிகளைத் தலை எண்ணி ஒப்புக்கொண்ட தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி, துணி மூட்டைக்குள் அழுத குழந்தையைக் காட்டி இது யாருடையது என்று கேட்டார். கங்காணி பக்கிரிசாமி, "அது கொசுறுங்க" என்றார். கத்தரிக்காய் வாங்கினால் கடைக்காரர் மேலே போடுகிற கறிவேப்பிலை மாதிரி. எல்லாரும் சிரித்தார்கள், கிராணியும் சிரித்தார், அந்தச் சிரிப்பிலேயே பிள்ளைக்குப் பெயர் அமைந்துவிட்டது. கெட்ட மனதோடு யாரும் கூப்பிடவில்லை. கூலிக் குடியிருப்பான லயத்துப் பெண்கள் முறை வைத்துப் பால் கொடுத்தார்கள், முறை வைத்துத் தூக்கினார்கள், கொசுறு கொசுறு என்று கொஞ்சினார்கள். ஆனால் எண்ணிக்கையில் சேராதவள் என்பது அந்தப் பிள்ளைக்கு நடக்கத் தெரியும் முன்பே தெரிந்துவிட்டது. வளர்ந்ததும் ஒருநாள் புறப்பட்டு மேரு என்ற ஊர் வழியாக நடந்து, கிள்ளானில் ரயிலேறி, பிரிக்பீல்ட்ஸில் இறங்கி, சூளையில் பெயர் கேட்டபோது பவுனம்மாள் என்று சொன்னாள். அந்தப் பெயரையும் அவளே சம்பாதித்துக்கொண்டாள். இனி எவரிடமும் எதுவும் சும்மா வாங்குவதில்லை என்று அங்கேயே, செங்கல் அடுக்கைத் தலையில் தூக்கிய நேரத்தில், மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். கை அதைக் கேட்டுக்கொண்டது.

அப்பக்கடை வந்தது முதல் உலக யுத்தத்துக்கு முன். ஊரில் ஆப்பம் என்பதை வாடிக்கையாளர்களான யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்கள் அப்பம் என்றார்கள். அவளும் அப்பம் என்றே சொல்லப் பழகினாள். ஓரம் முறுகி, நடு பஞ்சாக, கள் வாசனை லேசாக ஏறி வரும், அதற்காகவே ரவாங்கிலிருந்து ரயிலில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. அவள் யாருக்கும் கொசுறு போட்டதில்லை. கேட்டால் கரண்டியைக் காட்டுவாள். அவளும் யாரிடமும் கேட்டதில்லை. மளிகைக் கடையில்கூட 'அரிசி என்ன விலை' என்பாளே தவிர 'அரிசி குடுங்க' என்ற சொல் அவள் வாயில் வந்ததில்லை. காய்ச்சல் வந்தாலும் அடுப்பை மூட்டினாள். அடுப்பு எரிகிறவரைதான் தான் இருப்பதாக அவளுக்குத் தோன்றும். தீ அடங்கி, சட்டி குளிர்ந்து, கைக்கு வேலை இல்லாமல் போகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குள் ஒரு குழந்தை துணிமூட்டையில் கிடந்து, யாராவது நம்மை எண்ணுகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்கும். அதனால் அவள் உடனே எழுந்து மாவு அரைப்பாள்.

யுத்தம் முடிந்த மறு வருஷம், ஒரு ஞாயிறு காலை, கடைக்கு எதிரே புதிதாக எழுந்திருந்த அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட சின்னக் கோயிலிலிருந்து உபதேசியார் ஜெயராஜ் உரக்கச் சொன்னது அவள் காதில் விழுந்தது. காசில்லாதவர்களும் வாருங்கள், இங்கே அப்பம் சும்மா கிடைக்கும் என்றார். பவுனம்மாள் கரண்டியோடு தெருவைக் கடந்து, செருப்போடு உள்ளே போனாள்.

"எந்த அப்பம்? மாவு யாரு அரைச்சது? என் கடை வாசல்ல நின்னு சும்மா குடுக்கிறேன்னா, நான் அடுப்ப அணைச்சிட்டு எங்க போறது?"

ஜெயராஜ் ஒல்லியான மனிதர், அதிகம் பயப்படுகிறவர். மேசையில் மூடியிருந்த வெள்ளைத் துணியை விலக்கிக் காட்டினார். ஹைனான் சீனர் கடையில் வாங்கிய ரொட்டி, சிறு சிறு துண்டாக.

"இது ரொட்டி. இத அப்பம்னு சொல்லி யார ஏமாத்துறீங்க?"

சபையே சிரித்தது. ஜெயராஜும் சிரித்துவிட்டார். "வேதத்துல அப்பம்னுதான் இருக்குக்கா. இதுக்கு விலை வேற ஒருத்தர் குடுத்துட்டாரு."

"யாரு அது?"

"அதத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். நீங்க உக்காந்தா தொடர்ந்து சொல்வேன்."

அவள் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள், எதிரே அடுப்பில் ஒரு அப்பம் கருகிப்போனது. அன்றைய கதை, காணாமல் போன ஓர் ஆட்டுக்காக முழு மந்தையையும் விட்டுவிட்டுத் தேடிப்போன மேய்ப்பனுடையது. மற்றவர்கள் அதை அன்பின் கதை என்று கேட்டார்கள், அவளுக்கு அது எண்ணிக்கையின் கதை. ஒன்று குறைகிறது என்று அந்த மேய்ப்பனுக்குத் தெரிந்திருக்கிறது. கொசுறை யாரும் தேடிப்போவதில்லை. அடுத்த ஞாயிறும் போனாள். அதற்கடுத்த ஞாயிறு உட்கார்ந்தாள். அந்த வெள்ளைத் துணிக்குக் கீழிருக்கும் துண்டு ஒன்று தன் கையில் நிற்கவேண்டும் என்ற ஆசை அவளுக்குள் எப்படியோ புகுந்து, வாழ்க்கையில் வேறு எதன் மேலும் இல்லாத அளவுக்கு வளர்ந்துவிட்டது. நின்றால் அவள் எண்ணப்பட்டவள். அவ்வளவுதான் கணக்கு.

சும்மா வாங்குவது அவளால் ஆகாது, எனவே சம்பாதிக்கத் தொடங்கினாள். கோயிலைப் பெருக்கினாள், விளக்குக்கு எண்ணெய் ஊற்றினாள், பெஞ்சுகளைத் தேய்த்துத் தேய்த்து மரத்தின் நிறத்தையே மாற்றினாள். ஞானஸ்நானம் பெற்றாள். முதல் இராப்போஜனத்தன்று சபைப் போதகரான ஐயர் ரொட்டித் துண்டை அவள் உள்ளங்கையில் வைத்தார், அது முழங்காலருகே தரையில் கிடந்தது. நாக்கில் வைத்தார், அப்போதும் தரையில்தான் கிடந்தது. அடுத்த முறை அவளே சீமைக் கோதுமை மாவு வாங்கி, தன் அடுப்பில், தன் விறகில் ரொட்டி சுட்டுக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். தான் சுட்டது தன்னை விட்டு எங்கே போகும் என்ற தைரியத்தோடு முழங்காலிட்டாள். ஜெபம் முடிந்து, ஐயர் எடுத்துக் கொடுத்தபோது அதுவும் விழுந்தது. மேசைக்குப் போனபின் அது அவளுடையதாக இல்லை. சபையில் ஒருவர் விடாமல் அவள் சுட்ட ரொட்டியைத் தின்றார்கள், நன்றாக இருந்தது என்றும் சொன்னார்கள். அவள் வீட்டுக்குப் போய் அன்று இரண்டு மடங்கு மாவு அரைத்தாள்.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தால் அவளுக்கு ஒரு கோபமும் வரும். ஆண்டவர் சிலுவையில் சொன்ன வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவார்கள். மன்னித்ததும் தாயை ஒப்படைத்ததும் சரி. ஆனால் தாகமாயிருக்கிறேன் என்றாரே, அது அவளுக்குப் பிடிக்கவில்லை. எத்தனையோ பேருக்கு அப்பம் கொடுத்தவர், கடைசியில் போய்த் தன்னைக் கொல்கிறவர்களிடம் கேட்பதா? அவருடைய மானத்தை நினைத்து இவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஜெயராஜிடம் கேட்டாள். அவர் வேதத்தைப் புரட்டி அந்த வசனத்தையே திரும்ப வாசித்துக் காட்டினார்.

இருபத்தாறாம் வருஷக் கடைசியில் பெருவெள்ளம் வந்தது. ஆறு கரையைத் தாண்டி, தண்டவாளத்தைத் தாண்டி, காலை விடியும்போது பிரிக்பீல்ட்ஸ் தெருக்களில் வீடுகளைத் தள்ளிக்கொண்டு ஓடிற்று. அடுப்பு கரைந்தது, மாவுப் பானை மிதந்துபோனது, அப்பச்சட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குப்புறக் கவிழ்ந்து தாழ்ந்தன. பவுனம்மாள் கடையின் மூலைத் தூணைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் தொங்கினாள். அவள் விலைகொடுத்து வாங்கிய தூண், ஆகவே கையில் நின்றது. தூண்தான் மண்ணில் நிற்கவில்லை. அப்போது ஒரு சம்பான் படகு வந்தது. கம்பம் என்கிற கிராமத்து மலாய்க்காரர் ஒருவர் துடுப்பு வலித்தார், ஜெயராஜ் மூங்கில் பிடித்திருந்தார், நடுவில் குவாட்டர்ஸிலிருந்து ஏற்றிய மீனலோசனி, மடியில் ஒரு தகரப்பெட்டியோடு. ஜெயராஜ் கயிறு வீசினார், கயிறு அவள் கைகளைக் கடந்து தண்ணீரில் விழுந்தது. மூங்கிலை நீட்டினார், அதுவும் கடந்தது. மீனலோசனி பெட்டியை வைத்துவிட்டுப் படகு சாயச் சாய எட்டி, அவள் கையைப் பற்றினாள். விரல்கள் விரல்களுக்குள் போயின, பிடிபட ஒன்றுமில்லை. தூண் முனகியது.

பவுனம்மாளுக்கு ஒரு வழிதான் தெரியும். பல்லால் கடித்துத் தன் ஒரே தங்க வளையலைக் கழற்றிப் படகுக்குள் துப்பினாள். "கூலி வச்சிக்குங்க. இப்ப புடிங்க."

மீனலோசனி வளையலை எடுத்து, ஒரு நொடி பார்த்து, ஆற்றில் எறிந்தாள். "நான் என்ன கை விக்கிறனோ? எத்தினை வருஷமாத் தாறன், ஒருக்கால் வாங்கினீரோ? என்ரை ரெண்டு கிண்ணம் நெளிஞ்சதுதான் மிச்சம்."

அதோடு பவுனம்மாளிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. அவள் ஒரு கையை விட்டு, அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். மழை அதன் வழியாகப் பெய்துகொண்டிருந்தது. ஓட்டைக் கை. அப்போதுதான் அவளுக்கு இன்னொரு ஓட்டைக் கை நினைவுக்கு வந்தது, ஆணி போன கை. அந்தக் கையாலும் எதையும் பிடிக்க முடிந்திருக்காது. அடுப்பு மூட்டவோ அப்பம் பிட்கவோ ஆகாமல் தொங்கியவர், வாய்விட்டுக் கேட்டார். சிப்பாய் நீட்டிய காடியை மறுக்காமல் வாங்கினார். அவருக்கு மானம் இல்லை என்றா அர்த்தம்? பிதா தன்னை அறிந்திருக்கிறார் என்று தெரிந்தவருக்குக் கேட்பதில் என்ன குறைந்துவிடும்? லயத்தில் முறை வைத்துப் பால் கொடுத்த பெண்களின் முகம் தெரியாத மார்புகள் எல்லாம் ஒருசேர அவளுக்கு ஞாபகம் வந்தன. எந்தக் கூலிக்குக் குடித்தாள் அந்தப் பாலை? மூட்டையில் கிடந்ததற்கா? நெஞ்சுக்குள் காது கொடுத்துக்கொண்டிருந்த அந்தக் குழந்தையை யாரோ எண்ணிவிட்டதுபோல் இருந்தது. கடைசியாக மேலே போடுகிற கொசுறாக இல்லை, முதல் ஆளாக. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கழுத்தளவு வெள்ளத்தில் வாய்க்குள் தண்ணீர் போகச் சிரித்தாள். பிறகு, பிறந்ததிலிருந்து சொல்லாத சொல்லைச் சொன்னாள்.

"அக்கா, கை குடுங்க."

மீனலோசனி கொடுத்தாள். கை நின்றது. சட்டென்று கனம் விழுந்ததில் படகு ஒரு பக்கம் சரிந்து, தகரப்பெட்டி ஆற்றோடு போயிற்று, மலாய்க்காரர் திட்டினார், ஜெயராஜ் மூங்கிலைப் போட்டுவிட்டு அழுதார். அவர்கள் நகர்ந்த பின்னால் தூண் சாவகாசமாக விழுந்தது.

வெள்ளத்துக்குத் தப்பியவர்கள் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். ஞாயிறன்று அங்கேயே இராப்போஜனம். ஹைனான் கடை முழுகிவிட்டதால், யாரோ அனுப்பியிருந்த கெட்டி பிஸ்கட்டை ஐயர் உடைத்தார். பவுனம்மாளிடம் வந்ததும் பழக்கத்தில் தயங்கினார். அவள் வெறுங்கையை நீட்டி, "குடுங்க ஐயா" என்றாள். அது ஆராதனை முறைமையில் இல்லாத சொல். துண்டு கையில் நின்றது, கறிவேப்பிலை இலை அளவுதான் இருக்கும். ஜன்னல் வழியாக வெயில் அடித்துக்கொண்டிருந்தது, பலகைத் தரையில் அவள் கையின் நிழல் விழுந்திருந்ததை முதலில் பார்த்தவர், வேடிக்கை பார்க்க வந்து வாசலில் நின்ற தம்பு. இந்த முறையும் அவரை எல்லாரும் நம்பினார்கள்.

கடை திரும்ப எழுந்தது. அத்தாப்பு கம்பத்திலிருந்து வந்தது, சட்டிகள் குவாட்டர்ஸ் வீடுகளிலிருந்து வந்தன, எல்லாம் அவள் கேட்டு வாங்கியவை. அப்பம் முன்னைவிட நன்றாக வந்தது என்றும், அப்படியேதான் இருந்தது என்றும் இரண்டு கட்சி உண்டு. யார் வாங்கினாலும் மேலே ஒன்று போட்டாள். பெயர் என்ன என்று புதிதாக வந்தவர்கள் கேட்டால், "கொசுறு" என்று கூச்சமில்லாமல் சொன்னாள், கடைக்கும் அதுவே பெயராயிற்று. அந்தச் சின்னக் கோயிலில் துண்டு வாங்குகிற எல்லாரும் "குடுங்க ஐயா" என்று சொல்வது வழக்கமாகி, முப்பதுகளில் வந்த புது ஐயர் அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று தேடிப் பார்த்து விட்டுவிட்டார்.

கை முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சில நாள் பழைய வீம்பு எட்டிப் பார்க்கும், யாராவது கொடுத்த காப்பிக் கோப்பை அவள் கையைக் கடந்து விழுந்து உடையும். பிரிக்பீல்ட்ஸில் அதற்கு யாரும் பதறுவதில்லை. மீனலோசனி துடைப்பத்தோடு வருவாள், "இண்டைக்கு எங்கடை மகாராணிக்கு ஒருத்தரும் தேவையில்லையாம்" என்பாள், இன்னொரு கோப்பையை ஊற்றி நீட்டியபடி காத்திருப்பாள். பவுனம்மாள் சிரித்து, "குடுங்க" என்று கேட்பாள். கோப்பை நிற்கும்.