ஈரத்துணி

தனகோடியைக் கடல் கொண்டுபோய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. மகாபலிபுரத்துக் கரையில் அவனைக் கொண்டுவந்து கிடத்தியபோது, முகம் பார்க்கிற மாதிரி இல்லையென்று யாரோ ஈர வேட்டியால் மூடிவிட்டார்கள். சந்திரம்மா விலக்கப் போனாள். பெண்கள் நாலுபேர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பெற்றவள் கடைசியாகப் பார்த்தது ஒரு துணியைத்தான். உயிரோடு இருந்தபோது ஒரு போட்டோ எடுத்து வைக்கவும் அந்த வீட்டுக்கு வக்கிருந்ததில்லை.

செங்கல்பட்டுப் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் சாரங்கபாணி, லீவு நாட்களில் கடற்கரையில் ஒரு கொட்டகை போட்டுக் களிமண்ணில் ஆள்முகம் செய்வார். அவருக்கு மண் சுமந்தவன் தனகோடி.

"அப்பனை உரிச்சு வச்ச முகம் அவனுக்கு. முத்துசாமியை உட்காரச் சொல்லு, பார்த்துண்டே பண்ணிடறேன். வயசைக் குறைச்சாப் போறது," என்றார் அவளிடம்.

முத்துசாமி சவுக்குத்தோப்பில் மரம் வெட்டுகிறவன். சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை. "அவன் சிரிச்ச முகமாச்சே, சித்த சிரியேன்," என்று மாஸ்டர் வேறு கேட்டுவிட்டார். முத்துசாமிக்குச் சிரிப்பு தீபாவளி வேட்டி மாதிரி, எப்போதாவதுதான் வெளியே வரும். பாவி மனுஷன், பிள்ளைக்காகப் பல்லைக் காட்டிக்கொண்டு நாள் கணக்கில் முக்காலியில் கிடந்தான். மகனைக் கிடத்திய அன்று கரையில்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன்.

வேலை முடிந்த அன்றுதான் சந்திரம்மா வந்தாள். மண்ணில் மகன் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் கன்னத்தைத் தொடுமுன் மாஸ்டர் ஈரத்துணியைச் சுற்றிவிட்டார்.

"காத்துப் பட்டா வெடிச்சுடும். நாளன்னிக்கு வந்து உள்ளே குடைஞ்சு சூளைக்கு அனுப்பறேன். அதுவரைக்கும் யாரும் எடுக்கப்படாது."

அவர் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினார். மறுநாள் காலையிலேயே சந்திரம்மா கொட்டகைக்கு வந்துவிட்டாள். வந்தவள் பார்த்தது மறுபடியும் துணியை.

"மூச்சு முட்டுதாடா கண்ணு?" என்று உருவி எறிந்தாள். பகலெல்லாம் பிள்ளை முகத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். அன்று அவளுக்குப் பசியே தெரியவில்லை. கடற்காற்று தன் வேலையைப் பார்த்தது.

மாஸ்டர் திரும்பியபோது நெற்றியிலிருந்து தாடை வரை பிளந்திருந்தது. மூக்கு கீழே கிடந்தது.

"நான்தான் எடுத்தேன் சாமி. திரும்பவும் மூடிகினு கீதேன்னு மனசு கேக்கல."

அவருக்குக் கோபம் வரவில்லை. முத்துசாமியும் பெண்டாட்டியை ஒரு சொல் சொல்லாமல் முக்காலியில் போய் உட்கார்ந்தான். "திரும்பச் செய்யி சாமி."

"சிரி, முத்துசாமி."

உதட்டை இழுத்துப் பார்த்தான். கன்னம் நடுங்கியதே தவிர சிரிப்பு வரவில்லை. இன்னொரு முறை இழுத்தான். அப்புறம் அடக்கி வைத்ததெல்லாம் உடைந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதான்.

"சிரிப்பு வர்லியே சாமி. இனிமே வராது."

மாஸ்டர் கையிலிருந்த மண்ணைக் கீழே வைத்துவிட்டார்.

சந்திரம்மா புருஷன் தோளைத் தொட்டாள். பிறகு கீழே கிடந்த துணியை எடுத்து வாளியில் நனைத்துப் பிழிந்தாள். பிளந்த முகத்தைக் கண்ணாரப் பார்த்தாள். நெற்றியை மூடினாள். கண்ணை மூடினாள். சிரிக்கிற வாயையும் மூடினாள்.

இந்தத் தடவை அவள் கையை யாரும் பிடிக்கவில்லை.