யாரும் குளிக்காத குளியலறை

கூட்டத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். மாமனார் சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே. மாமியார் அவருக்கு வலப்பக்கம், முந்தானையால் மூக்கை மூடியபடி. கணவன் இடப்பக்கம், செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தானும் ஏறக்குறைய கவிழ்ந்த நிலையில். மருமகள் கடைசி நாற்காலியில், எதிரே ஒரு தாளும் பேனாவுமாக. ஐந்தாவது ஆளைக் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை, ஏனென்றால் கூட்டமே அவரைப் பற்றித்தான். அவர் மருமகளின் அப்பா. பின்னறையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அந்த அறைக் கதவு உப்பிப்போய் முழுசாகச் சாத்த முடியாது. பேசியதெல்லாம் அவர் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் பேசினார்கள்.

விஷயம் வேறொன்றுமில்லை, நாற்றம். ஆறு வாரமாக வீட்டில் அழுகிய முட்டை போல ஒரு வாடை வருவதும் போவதுமாக இருந்தது. பின்பக்க நடையில் இன்னும் கடுமை. அப்பா இந்த வீட்டுக்கு வந்து ஏழு வாரம். மாமனார் முப்பத்து நாலு வருஷம் ஓர் ஆவண அறையில் வேலை பார்த்தவர். இரண்டு தாளைச் சேர்த்துக் குத்திவிட்டால் ஒன்றுக்கு மற்றது காரணம் என்பது அவர் தீர்மானம். ஆறையும் ஏழையும் சேர்த்துக் குத்திவிட்டார்.

"நான் யாரையும் குறை சொல்லல," என்று ஆரம்பித்தார். குறை சொல்லப் போகும்போதெல்லாம் அவர் இப்படித்தான் ஆரம்பிப்பார். "வயசானா உடம்புல ஒரு வாடை வரத்தான் செய்யும்."

மாமனார் மருமகளின் அப்பாவைவிட இரண்டு வயது மூத்தவர்.

"பாவம், அவர்தான் என்ன பண்ணுவாரு," என்றாள் மாமியார் முந்தானைக்குள்ளிருந்து. "அவங்க பையன் வீட்டுல நாலு ரூம் இருக்காமே. நல்லா காத்தோட்டமா இருக்கும்."

"அதுவும் ஒரு வகையில... ஆனா இப்ப..." என்றான் கணவன். கல்யாணமான நாள் முதல் அவன் ஒரு வாக்கியத்தையும் முடித்ததை அவள் பார்த்ததில்லை.

அண்ணன் வீட்டில் நான்கு அறை இருப்பது உண்மைதான். அதில் ஒன்றுகூட அப்பாவுக்கு இல்லை என்பதும் உண்மை. "இங்க அனுப்பினா நேரா முதியோர் இல்லத்துலதான் சேர்ப்பேன், பாத்துக்கோ," என்று அண்ணன் மூன்று தடவை சொல்லியாயிற்று. அப்பா இப்போது தினமும் இரண்டு வேளை குளிக்கிறார். வெங்காயத்தை விட்டுவிட்டார். யாரும் பார்க்காதபோது சட்டைக் காலரை இழுத்து முகர்ந்து பார்த்துக்கொள்கிறார். அதை அவள் பார்த்துவிட்டாள்.

மாமனார் கடிதக்காரர். போனில் சொன்னால் உடனே மறுத்துப் பேசுவார்கள், கடிதத்தில் சொன்னால் மறுப்பதற்கு நாலு நாளாவது ஆகும் என்பது அவர் கணக்கு. உறைமேல் விலாசம் எழுதி, ஸ்டாம்பு ஒட்டிவிட்டுத்தான் கடிதத்தையே ஆரம்பிப்பார். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எழுதும் வேலை மருமகளுக்கு. சொந்த அப்பாவை வீட்டை விட்டு அனுப்பும் கடிதத்தை, அண்ணனுக்கு, அவளே முத்து முத்தாக எழுத வேண்டியிருந்தது.

"'தங்கள் தந்தையாரை ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து அழைத்துச் செல்லவும்.' எழுதிட்டியா? காரணம், 'காற்றோட்டம் கருதி'ன்னு போடு. நாத்தம்னு போட்டா மரியாதையா இருக்காது."

அவள் எழுதினாள். எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள்.

"மாமா, ஒரு பிளம்பர் வந்து பாத்துட்டுப் போகட்டும். அதுவரைக்கும் உறையை ஒட்ட வேணாம். விசாரிக்காம முடிவெடுத்தீங்கன்னு நாளைக்கு யாரும் பேசக் கூடாதில்ல."

விசாரணை என்ற சொல் மாமனாரின் பலவீனம். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "நாலு மணிக்குத் தபால் எடுப்பாங்க. அதுக்குள்ள வரச் சொல்லு."

பிளம்பர் இரண்டு மணிக்கு வந்தார். ஒரு பை, ஒரு டார்ச், நாலைந்து பழைய துணி. வாசலிலேயே மாமனார் வாடையின் வரலாற்றை முதல் நாளிலிருந்து தொடங்கினார். பிளம்பர் கையமர்த்தினார்.

"முதல்லயே சொல்லிடறேன் சார். எனக்கு வாடை தெரியாது. இருபது வருஷமா இதே தொழில். மூக்கு ராஜினாமா பண்ணிட்டுப் போயிடுச்சு."

"வாடை தெரியாத ஆளு வாடையை எப்படிய்யா கண்டுபிடிப்பே?" என்றாள் மாமியார்.

"வாடை தெரிஞ்ச நீங்க இத்தனை பேரு ஆறு வாரத்துல என்னம்மா கண்டுபிடிச்சீங்க?"

மாமியாரின் பார்வை தன்னையறியாமல் பின்னறைப் பக்கம் போய்த் திரும்பியது. பிளம்பர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"எந்த நேரத்துல வருது?"

இதற்குப் பதில் மருமகளிடம் இருந்தது. நாட்காட்டியின் பின்பக்கத்தில் தினமும் குறித்து வைத்திருந்தாள். "காலையில ஏழு மணிக்கு, சாயங்காலம் ஆறு மணிக்கு. சமைக்கிற நேரம்."

"அப்ப புகை இழுக்குற ஃபேன் ஓடுமா?"

"ஓடும். கொசுவுக்குப் பயந்து ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கும்."

"சரிதான். ஃபேன் வீட்டுக் காத்த வெளிய தள்ளுது. அந்த அளவுக்குக் காத்து எங்கிருந்தாவது உள்ள வந்தாகணும். ஜன்னல் வழி இல்லைன்னா அது வேற வழி தேடிக்கும். ஃபேனைப் போடுங்கம்மா."

துணிகளை நனைத்து மடித்து, சமையலறைத் தொட்டி, பொதுக் குளியலறை, துணி துவைக்கும் இடம் என்று கழிவுநீர் போகும் வாய் ஒவ்வொன்றையும் அடைத்தார். "இப்ப வாடை நின்னுச்சா?" என்று மருமகளைக் கேட்டார். நிற்கவில்லை. "லேசா ஒரு துண்டு காகிதம் குடுங்க."

அவள் கையில் இருந்தது அந்தக் கடிதம் ஒன்றுதான். கடைசி வரியை நீளவாக்கில் கிழித்துக் கொடுத்தாள். 'காற்றோட்டம் கருதி' பிளம்பரின் விரல் நுனியில் தொங்கியது. மாமனார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். விசாரணை நடந்துகொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டார்.

பின்னறையில் அப்பா எழுந்து நின்று, சோதனைக்கு ஒத்துழைப்பவர் போலக் கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டார். பிளம்பர் காகிதத்தை அறையின் நாலு மூலையிலும் காட்டினார். அது அசையவில்லை. "நீங்க உக்காருங்கய்யா," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். நடையின் கடைசியில் பூட்டிய ஒரு கதவு. அதன் கீழ்ச்சந்தில் பிடித்ததும் காகிதம் படபடவென்று அடித்துக்கொண்டது.

"இது என்ன கதவு?"

மாமியார், "அது மூத்தவனோட பாத்ரூம்," என்றாள்.

மூத்தவன், மாமியாரின் முதல் மகன், வெளிநாட்டில் இருக்கிறான். மூன்று வருஷமாக வந்துகொண்டே இருக்கிறான், இன்னும் வந்தபாடில்லை. அவன் வந்தால் குளிப்பதற்கென்று கண்ணாடித் தடுப்பும் பளிங்குத் தரையுமாக அதைக் கட்டினார்கள். உறை பிரிக்காத சோப்பு ஒன்று உள்ளே காத்திருக்கிறது. சாவி மாமியாரின் இடுப்பில். மருமகள் அந்த வாசற்படியைத் தாண்டியது கிடையாது.

"அங்கேருந்து வரவே வராது," என்றாள் மாமியார். "இந்த வீட்டுலயே சுத்தமான இடம் அதுதான். வாராவாரம் மத்தியானத்துல, ஃபேன் நின்னப்புறம், என் கையால துடைக்கிறேன். ஒரு சொட்டு ஈரம் இருக்காது."

"ஒரு சொட்டுகூடவா?" பிளம்பர் முதல் தடவையாகச் சிரித்தார். "திறங்கம்மா."

கதவைத் திறந்ததும் குடும்பமே இரண்டடி பின்வாங்கியது. பிளம்பர் மட்டும் பூந்தோட்டத்துக்குள் நுழைபவர் போல உள்ளே போனார். தரையோரத்துச் சல்லடை மூடியைத் தூக்கி டார்ச் அடித்தார். குழாய் எலும்பாய்க் காய்ந்து கிடந்தது.

"இந்தக் குழாய் கீழே வளைஞ்சு போகும் சார். அந்த வளைவுல எப்பவும் ஒரு சொம்புத் தண்ணி நிக்கணும். தெருச் சாக்கடைக்கும் உங்க வீட்டுக்கும் நடுவுல அந்தத் தண்ணிதான் கதவு. வேற எதுவும் கிடையாது. அந்தத் தண்ணி எங்க போச்சு?"

மாமியாரின் முந்தானை மூக்கிலிருந்து வாய்க்கு இறங்கியது.

"தண்ணி தேங்குனா கொசு முட்டை போடும்னு ஒரு நோட்டீஸ் குடுத்துட்டுப் போனாங்க. அதான் தண்ணி விட்டுக் கழுவுறதை நிறுத்திட்டு... பஞ்சை விட்டு ஒத்தி எடுத்துட்டேன்."

"எப்பலேருந்து?"

"ஒரு ஒன்றரை மாசமா இருக்கும்."

அதாவது ஆறு வாரம். மாமனார் தரையில் இருந்த பளிங்கின் தரத்தை ஆராயத் தொடங்கினார்.

பிளம்பர் ஒரு வாளித் தண்ணீரை நிதானமாகச் சல்லடைக்குள் ஊற்றினார். கைகழுவும் தொட்டியிலும் ஒரு சொம்பு விட்டார். மறுபடி காகிதத்தைப் பிடித்தார். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 'காற்றோட்டம் கருதி' செத்த பல்லியைப் போல அசையாமல் தொங்கியது. சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்த கால் மணி நேரத்தில் வாடை போய்விட்டது என்பதை மூக்கு உள்ளவர்கள் ஒவ்வொருவராக, வேண்டா வெறுப்பாக, ஒப்புக்கொண்டார்கள்.

"இனிமே பூட்டி வைக்காதீங்க. மறுபடியும் காஞ்சு போகும். யாராவது ஒருத்தர் தினம் இதுல குளிக்கணும்," என்றார் பிளம்பர்.

"வழவழன்னு இருக்கு, எனக்கு முட்டி தாங்காது," என்றார் மாமனார்.

"மூத்தவனுக்குக் கட்டினதுல நான் எப்படி," என்றாள் மாமியார்.

"காலையில எனக்கு நேரமே..." என்றான் கணவன்.

மருமகள் அவசரப்படவில்லை. மூவரும் ஓயும்வரை காத்திருந்தாள்.

"அப்பா இருக்காரே. தினம் ரெண்டு வேளை குளிக்கிறார், ஆறு வாரமா. அவரைவிட ஆள் கிடைக்குமா?"

கணவன் அவளைப் பார்த்தான். பிறகு தன் அம்மாவைப் பார்த்தான். "அவரே குளிக்கட்டும்," என்றான். ஒரு வாக்கியம், முழுசாக. அதைக் கேட்டு அவனே கொஞ்சம் திகைத்த மாதிரி இருந்தது.

அப்பா நடையில் வந்து நின்றார். "எனக்கு எதுக்கும்மா இதெல்லாம். ரெண்டு சொம்பு தண்ணி போதும்."

"போதாதுய்யா," என்றார் பிளம்பர், பையை மூடியபடி. "வஞ்சனை இல்லாம ஊத்திக் குளிங்க. இந்த வீட்டுக்கே அது நல்லது."

மணி மூன்றேகால். மாமனார் மேசைக்குத் திரும்பி, தலைப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மன்னிப்பு என்ற தாள் அவருடைய ஆவண அறையில் எந்நாளும் இருந்ததில்லை. உறையைத்தான் பார்த்தார்.

"ஸ்டாம்பு ஒட்டியாச்சு. வீணாக்க வேணாம். வேற தாள் எடு. 'தங்கள் தந்தையாரை அனுப்ப இயலாத நிலையில் உள்ளோம்.'"

"காரணம் மாமா?"

அவர் விசிறியைப் பார்த்தார். "'வீட்டு நிர்வாகம் கருதி'ன்னு போடு."

அவள் போட்டாள். கீழே, அவர் சொல்லாத ஒரு பத்தியையும் அண்ணனுக்குச் சேர்த்தாள்: "அப்பாவுக்குக் கண்ணாடித் தடுப்பு வைத்த குளியலறை ஒதுக்கியாகிவிட்டது. பளிங்குத் தரை. புது சோப்பு. நீ எப்போதாவது அவரைப் பார்க்க வந்தால், துணி துவைக்கும் இடத்தை ஒட்டிய பொதுக் குளியலறை உனக்கு. உன்னைப்போல் நானும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு வருத்தப்படாதே."

படித்துப் பார்த்தாள், எதையும் அடிக்கவில்லை.

நடையின் கடைசியிலிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. முதலில் தயங்கித் தயங்கி ஒரு சொம்பு, பிறகு இன்னொன்று, பிறகு நிற்காமல். மருமகள் தாளை மூன்றாக மடித்து உறையில் வைத்து, விரலை நனைத்துப் பசையில் தடவி ஒட்டினாள். மூலையை ஒரு முறை அழுத்திப் பார்த்தாள். காற்றுப் புக இடமில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு நடந்து, தபால்காரர் பெட்டியைத் திறக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது அதை உள்ளே போட்டாள்.