மடியில் ஒரு வெள்ளைப் பெட்டி

எலும்பைப் பார்த்துக்கூடப் பொறாமைப்படுவார்களா என்று கேட்டால், டிம்ப்னாவைப் பாருங்கள். கன்செப்டாவின் வீட்டு முன்னறையில், மேசைமேல் இருந்த வெள்ளைப் பெட்டியைக் கண்டதுமே அவளுக்கு வயிறு எரிந்தது. முழங்கை நீளம்கூட இல்லாத சவப்பெட்டி. மூடியில் பித்தளைத் தகடு, அதில் டெக்லன் என்று பெயர்.

ஊரே வரிசையில் வந்து கன்செப்டாவின் கையைக் குலுக்கித் துக்கம் விசாரித்தது. மோதிரம் மாற்றாமல் வயிறு தள்ளிய பெண்களைக் கன்னியாஸ்திரீகளின் இல்லத்தில் கொண்டுபோய்த் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டதும் இதே ஊர்தான். இன்று தேநீரும் ஹாம் சாண்ட்விச்சும் அதற்கு நன்றாகவே இறங்கின.

டிம்ப்னாவும் கன்செப்டாவும் அந்த இல்லத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர்கள். இருவர் குழந்தைகளும் அங்கேயே செத்தன. எங்கே புதைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அறுபது வருஷம் கழித்து விசாரணை வந்து, இல்லத்தின் பின்புறத்தைத் தோண்டினார்கள். கிடைத்த எலும்புகளோடு மரபணுவை ஒப்பிட்டுப் பார்க்க இருவரும் ஒன்றாகத்தான் போய் எச்சில் கொடுத்தார்கள். கன்செப்டாவின் மகன் டெக்லன் கிடைத்தான். டிம்ப்னாவின் மகள் யூனா கிடைக்கவில்லை. தோண்டி முடித்தாகிவிட்டது.

"என்னடி, எல்லாரும் கை கொடுத்தாங்க, நீ கொடுக்கல?" என்றாள் கன்செப்டா.

"உனக்கென்னம்மா, கொடுத்து வச்சவ. பூ, பாதிரியார், பேர் வெட்டின கல்லு. என் கை எதுக்கு?"

"துக்க வீட்டுல பேசுற பேச்சா இது?"

"துக்கமா? எனக்கு இந்தத் துக்கம்கூட இல்லையேடி!" என்றாள் டிம்ப்னா. "யூனா செத்த மறுநாள் பால் கட்டி வலியில துடிச்சுக்கிட்டிருந்தேன். நீ ஜுரத்துல கிடந்தே. இவனைத் தூக்கிட்டு வந்து என் மார்ல போட்டாங்க. இவன் குடிச்சது என் பாலு. அந்த எச்சில் டெஸ்ட்டு அதைச் சொல்லுச்சா?"

தேநீர் கலக்கிய கரண்டிகள் நின்றன.

"எனக்குத் தெரியாதா?" என்றாள் கன்செப்டா மெதுவாக. "ஜுரத்தோட எந்திரிச்சு வந்து கதவோரமா நின்னு பார்த்தேன். உன்னைப் பார்த்துச் சிரிச்சான். என்னைப் பார்த்து அவன் சிரிச்சதே இல்ல. அன்னைக்கு உன் கழுத்தை நெரிச்சிருப்பேன், கையில தெம்பு இல்ல."



வாசலில் கார் வந்து நின்றது. இத்தனை சின்னப் பெட்டியைத் தோளில் தூக்குவதில்லை. பெற்றவள் மடியில் வைத்துக்கொண்டு போவாள். கன்செப்டா பெட்டியை எடுத்துச் சற்று நேரம் அணைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏறுடி. ஆத்துப் பாலம் வரைக்கும் உன் மடியில இருக்கட்டும். அதுக்கப்புறம் என்கிட்ட கொடுத்துடணும். ஏமாத்தக் கூடாது."

டிம்ப்னா ஏறி உட்கார்ந்தாள். பெட்டியின் தலைப்பக்கம் எது என்று கேட்டு, அதைத் தன் இடது கைமேல் வைத்துக்கொண்டாள். பால் கொடுக்கும்போது அவன் தலை இருந்த பக்கம் அது. கன்செப்டா அதைப் பார்த்தாள். பார்க்கப் பொறுக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தூரத்தில் பாலம் தெரிந்தது.

"பாலம் வந்துடுச்சு, டிம்ப்னா."

"எனக்கும் கண்ணு இருக்கு" என்றாள் டிம்ப்னா. பெட்டியைச் சுற்றியிருந்த கைகள் தளரவில்லை.

கன்செப்டா கையை நீட்டினாள். பிறகு அந்தக் கையாலேயே டிரைவரின் தோளைத் தட்டினாள்.

"பாலத்துல ஏறாதேப்பா. ஆத்தோரமாவே சுத்திப் போ."