வரதராசா வீட்டைப் பூட்டிய போயா

வெள்ளவத்தையில், கடலைப் பார்த்தபடி நிற்கும் அந்த மாடிக் குடியிருப்பில் வரதராசா லிஃப்டில் ஏறுவதே பெரும்பாடாகிவிட்டது. பல்கலைக்கழகத்தில் நிலநடுக்கம் பற்றிப் படிப்பிக்கிற மனிதர். சுனாமி வந்துபோன கையோடு அயலட்டை சும்மா விடுமா?

"திரும்ப வருமோ, சேர்?"

"வரலாம். எப்ப எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. கடல் உள்வாங்கினா மேல்மாடிக்கு ஓடுங்கோ."

"இவ்வளவு படிச்சும் தெரியாதோ, தம்பி?" என்று உதட்டைப் பிதுக்குவார் குடியிருப்புச் சங்கத் தலைவர் செல்லையா. அவருக்குத் தெரியும்: வருகிற பௌர்ணமிக்கு, போயாவுக்குத்தான். போனமுறையும் போயாவில்தானே வந்தது!

"போயாவுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதையுங்கோ, அண்ணை."

"அப்ப அண்டைக்கு வராதெண்டு எழுதித் தாரும்."

"எந்த நாளுக்கும் எழுதித் தரமாட்டன்."

"அண்டைக்கு சேர் இங்க இருந்தா நாங்களும் இருப்பம்" என்று கீழ்மாடி ஸமீமா முடிவுகட்ட, மற்றவர்களும் தலையாட்டினார்கள். கேட்க இனித்தது. சிக்கலும் அதில்தான். அதே போயாவன்று கொட்டாஞ்சேனையில் அவருடைய தங்கை மகளுக்குக் கலியாணம். தகப்பனில்லாத பிள்ளை, தாரை வார்க்க மாமனும் மாமியும் போயே ஆகவேண்டும். போனாலோ, இவ்வளவு நாளும் சொன்னதை ஒரு குஞ்சும் நம்பாது.

"நான் வேணுமெண்டா அடையாளத்துக்குப் பல்கனியில நிக்கட்டோ?" என்றாள் மனைவி தவமலர்.

போயாவன்று காலையில் இருவரும் சூட்கேசோடு இறங்கினால், கீழே முழுக் குடியிருப்பும் நிற்கிறது.

"பாத்தியளே, பெட்டியோட!" செல்லையா துள்ளினார்.

"கலியாணத்துக்குப் போறன், அண்ணை. கடலைப் பற்றி நேற்றுச் சொன்னதுதான் இண்டைக்கும். நம்பாட்டி வந்து பாருங்கோ."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இரண்டு வான் பிடித்துக்கொண்டு வந்தே விட்டார்கள். சோதனைச்சாவடியில், கலியாண வீட்டுக்கு என்று ஸமீமா சிங்களத்தில் சொன்னாள். ஆமிக்காரன் நம்பவில்லை. அவள் மடியில் வீட்டிலிருந்து தூக்கிவந்த பழைய ரைஸ் குக்கர் இருந்தது.

தாலி ஏறியதும் வரதராசா ஸமீமாவிடம் போனார். "கடைசியில நீங்களும் என்னை நம்பேல்லைத்தானே?"

"அல்லாவே, நம்பித்தானே வந்த! வரும் எண்டு செல்ற ஆளும் வராதெண்டு செல்ற ஆளும் கொழும்பு முழுக்க இரிக்காங்க. தெரியாதத தெரியாதெண்டு செல்றது நீங்க மட்டும்தான். ஒங்களுக்கு ஏதும் தெரிய வந்தா ஒளிக்காமச் செல்லுவீங்க. அதான் ஒங்கட பக்கத்துலயே நிக்கிறம்."

தங்கை வந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணா, உங்கட ஆக்கள் இராச்சாப்பாட்டுக்கும் நிப்பினமோ?"

பந்தியில் செல்லையா மூன்றாந்தரம் பாயாசத்துக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

"நிப்பினம்" என்றார் வரதராசா, யோசிக்காமலே. "உலையை வைக்கச் சொல்லு."