வீட்டுக்காரர் சொன்ன சம்பளம்

பாளையங்கோட்டையில் சுவிசேஷமுத்து சார் வீட்டு மாடிக்கு இவ்வளவுதான் வாடகை என்று ஒன்று கிடையாது. குடிவருகிறவரின் சம்பளத்தைக் கேட்பார். அதில் ஆறில் ஒன்று வாடகை. சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். "கொற்கைப் பாண்டியனே விளைச்சல்ல ஆறுல ஒண்ணுதான் வாங்கினான். அதுக்கு மேல வாங்க நான் யாரு வே?" என்பார்.

1994இல் அந்த மாடிக்குக் குடிவந்த சொரிமுத்து, டிராக்டர் கடையில் கணக்கு எழுதுகிறவன். சம்பளம் மூவாயிரத்து அறுநூறு. சாரிடம் இரண்டாயிரத்து நானூறு என்றான். வாடகை நானூறு ஆயிற்று. மாதம் இருநூறு ரூபாய் மிச்சம் என்ற குஷியில் மின்விசிறிகூட வாங்கி மாட்டினான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. சம்பளத்தைக் கேட்டு வாடகை போட்டால் யாருக்குத்தான் நாக்கு நேராகப் புரளும்?

வருஷம் திரும்புமுன் அம்பாசமுத்திரத்தில் பெண் பார்த்தார்கள். பெண் பெயர் உலகம்மாள். காப்பியைக் கொடுத்துவிட்டு, "சீனி காணுமா, இன்னும் போடணுமா?" என்று அவள் கேட்டதிலேயே இவன் விழுந்துவிட்டான். தரகரிடம் உண்மைச் சம்பளத்தையே சொல்லியிருந்தான். கல்யாண விஷயத்தில் பொய் கூடாது என்பது அவன் கொள்கை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கடையிலிருந்து வந்தபோது சார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"பொண்ணோட அப்பா வந்திருந்தாரு வே. பையன் எப்படின்னு விசாரிச்சாரு. குடி கிடையாது, பீடி கிடையாது, சம்பளம் ரெண்டாயிரத்து நானூறு, மாசம் பொறந்தா வாடகை வந்துரும்னு சொன்னேன். நல்லாத்தான சொல்லியிருக்கேன்?"

தரகர் சொன்னது ஒன்று, வீட்டுக்காரர் சொன்னது ஒன்று. சம்பளத்தைக் கூட்டிச் சொல்லிப் பெண் கேட்கிறவன் என்றுதானே நினைப்பார்கள்? இருநூறு ரூபாய்க்கு ஆசைப்பட்டு உலகம்மாளைத் தொலைத்தோமே என்று சொரிமுத்து தன்னையே திட்டிக்கொண்டான். வேறு வழியில்லாமல் சாரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

சாருக்குக் கோபம் வரவில்லை. "பாண்டியன்கிட்டயும் இப்படித்தான் குறைச்சுச் சொல்லியிருப்பானுவ" என்று சிரித்தார். "அடுத்த மாசத்துல இருந்து அறுநூறு. நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் நானே உம்ம கூட வாரேன்."

மறுநாள் அம்பாசமுத்திரத்தில் சார் விஷயத்தை உடைத்ததும் பெண்ணின் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"தரகர் எவ்வளவு சொன்னாலும் மூணுல ஒண்ணைத் தள்ளிட்டுத்தான் நாங்க எடுத்துக்கிடுவோம். மூவாயிரத்து அறுநூறுல தள்ளினா ரெண்டாயிரத்து நானூறு. நீங்களும் அதையேதான் சொன்னிய. கணக்கு நேராயிட்டுன்னு நேத்தே முடிவு பண்ணியாச்சு. மககிட்ட ரெண்டாயிரத்து நானூறுன்னேன். 'காணும்ப்பா'ன்னுட்டா."

சொரிமுத்து மலங்க மலங்க விழித்தான். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நானூறு ரூபாயிலேயே காலத்தை ஓட்டியிருக்கலாம். ஆனாலும் அந்த வருத்தம் நெஞ்சில் நிற்கவே இல்லை. குறைந்த சம்பளக்காரன் என்று தெரிந்தும் தன்னைப் போதும் என்று சொல்லியிருக்கிறாளே என்ற சந்தோஷம்தான் நிறைந்திருந்தது.

"என்ன வே, அறுநூறு குடுக்க மனசு வலிக்கா?" என்று சார் சீண்டினார்.

"இல்ல சார். மிச்சம் எங்களுக்குக் காணும்" என்றான் சொரிமுத்து.

அவன் 'எங்களுக்கு' என்றதைக் கேட்டு அடுப்படியில் உலகம்மாள் களுக்கென்று சிரித்துவிட்டாள்.